அண்ணன் திருப்பி எடுத்த தேற்றம்

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் அண்ணனுடைய ஆய்வுக் கட்டுரைகள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. தலைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களில் பலர் அந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டிவிட்டு, முன்பக்கத்துப் படத்துக்கே திரும்பி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். அச்சகத்துத் தம்பி அப்படிப் புரட்டிவிடவில்லை. போன கிழமை தொலைபேசியில் அழைத்தார்.

“அன்ரி, பட்டியல்ல ஒரு கட்டுரைக்குக் கீழ ‘இது பிழை’ எண்டு கிடக்கு. ஆரோ தெரியாமப் போட்டுட்டாங்க போல. எடுத்துடட்டா?”

“எடுக்காதீங்க தம்பி. தெரிஞ்சுதான் போட்டது.”

“இல்ல அன்ரி, நினைவு மலர்ல போய் பிழையெண்டு…”

“அவர்தான் போடச் சொன்னவர்.”

தம்பி “சரி அன்ரி” என்று வைத்துவிட்டார். முப்பத்தோராம் நாள் அமுதுக்கு வந்து, எங்களோடு உண்டு, இந்த மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உங்களுக்கும் அதே சந்தேகம் வரலாம். அதைத் தீர்ப்பதற்காகவே எழுதுகிறேன். எனக்குக் கணக்கு வராது. வயல் வட்டையில் எத்தனை மூடை நெல் விழுந்தது என்பதற்கு மேல் நான் எண்ணிப் பார்த்தவளில்லை. ஆகையால் அண்ணன் எனக்கு விளங்கும்படி சொன்னதை, எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். பிழையிருந்தால் அது என் பிழை. அண்ணனுடைய பிழை ஒன்றே ஒன்றுதான், அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அண்ணன் பிறந்தது மண்டூரில், எங்கள் அம்மாவின் வீட்டில். அப்பா பழுகாமத்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். நெல்லும் ஆற்று மீனுமாக வாழ்ந்த வீடு. அப்பா நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே பாம்பு தீண்டிக் காலமானார். அதற்குப் பிறகு அம்மா வயலையும் எங்கள் இருவரையும் தனியாகச் சுமந்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு மத்தியானம் அண்ணன் முற்றத்தில் புளியங்கொட்டைகளைப் பரப்பிவைத்து என்னைக் கூப்பிட்டார். முதலில் ஒரு கொட்டை. பிறகு எட்டுக் கொட்டைகள், அதாவது இரண்டை மூன்று தரம் பெருக்கியது. இரண்டையும் சேர்த்து மூன்றுக்கு மூன்றாகச் சதுரமாக அடுக்கினார். ஒன்று மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை. பிறகு மூன்றை மூன்று தரம் பெருக்கி இருபத்தேழு கொட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆறுக்கு ஆறு சதுரம். பிறகு அறுபத்து நான்கைச் சேர்த்தார். பத்துக்குப் பத்து சதுரம்.

“இனி நூற்றி இருபத்தஞ்சு போடவேணும். கொட்டை காணா. ஆனா போட்டாலும் சதுரம்தான் வரும்.”

“எப்பிடித் தெரியும்?”

“எவ்வளவு தூரம் போனாலும் வரும். வராம இருக்க ஏலா.”

நான் அந்தக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சமைத்த புளியில் இருந்து கழித்துப் போட்டவை அவை. இதை ஆர் இப்படி ஒழுங்கு பண்ணி வைத்தது என்று கேட்டேன். “அதுதான் எனக்கும் தெரியணும்” என்றார் அண்ணன். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் தன் ஆயுள் முழுதும் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் போனார்.

பிற்காலத்தில் அவர் ஆராய்ந்த சிறப்புப் பல்லுறுப்பிகள் அந்தக் கொட்டைகளின் வழிவந்தவைதாம். ஒன்றிலிருந்து தொடங்கி எண்களை எத்தனை தரம் பெருக்கிக் கூட்டினாலும் கூட்டுத்தொகை என்னவென்று சொல்லும் சூத்திரங்கள் அவற்றுக்குள் இருக்கின்றன. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழி வருவதுபோல அவற்றுக்கும் தாய்வழி உண்டு என்று அண்ணன் சொல்வார். முந்தினதைத் தெரிந்தால் பிந்தினதன் உருவம் முழுவதும் வந்துவிடும். ஓர் எண் மட்டும் வராது. அந்த எண்ணை ஒவ்வொன்றும் தனக்கென்று புதிதாகக் கொண்டுவரும்.

“சீதனம் மாதிரியா?” என்று கேட்டேன்.

“அதேதான் தங்கச்சி. அந்தச் சீதன எண்களுக்குள்ளதான் முதன்மை எண்கள்ட ரகசியம் கிடக்கு.”

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு போன்றவைதாம் முதன்மை எண்கள். அண்ணன் அவற்றை ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘அவர்’தான். “பதின்மூன்று நல்லவர். முப்பத்தேழு வில்லங்கக்காரர்” என்பார், ஏதோ வட்டைக் கூட்டத்துக்கு வந்த ஆட்களைப் பற்றிப் பேசுகிறமாதிரி. முப்பத்தேழுதான் வில்லங்கக்காரர்களில் மூத்தவராம். அவருக்குரிய சீதன எண்களில் ஒன்று அவராலேயே மீதியில்லாமல் வகுபட்டுவிடுமாம். இந்த வில்லங்கக்காரர்கள் முடிவில்லாமல் இருக்கிறார்கள் என்பதை எப்போதோ நிறுவிவிட்டார்களாம். நல்லவர்கள் முடிவில்லாமல் இருக்கிறார்களா என்பது இன்றுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். ஊர் நிலவரமும் அதுதானே என்றேன். அண்ணன் சிரித்து இருமி, தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

படிக்கும் காலத்தில் அண்ணன் ஆற்றைக் கடந்து அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். பாதையில் ஏறினால் அண்ணனுக்கு யோசனை பிடித்துவிடும். அக்கரையில் எல்லாரும் இறங்கின பிறகும் கம்பியைப் பிடித்தபடி நின்று, அதே பாதையில் இக்கரைக்குத் திரும்பி வந்து, வீட்டுக்கே வந்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று அம்மா கேட்டால் திகைத்துப்போய் நிற்பார். பாதைக்காரர்கள் பிறகு பிறகு “தம்பி, இறங்குற பக்கம்” என்று தோளில் தட்டி இறக்கிவிடப் பழகினார்கள். இந்தப் பழக்கம் பேராசிரியரான பிறகும் போகவில்லை.

மலைநாட்டில் பட்டமும் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று அறிந்ததும் திரும்பி வந்து, எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. மனைவி வீடு இல்லாத ஆண் தங்கை வீட்டில்தான் இருக்கவேண்டும். சீதன வீட்டோடு எனக்கு அண்ணனும் வந்து சேர்ந்தார் என்று நான் பகிடி விடுவேன். “பழுதுபடாத தளபாடம்” என்று அவரும் ஒத்துக்கொள்வார். என் கணவர் இருந்த காலம் முழுதும் அண்ணனை ஒரு சொல் சொன்னதில்லை, அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணன் வேலை செய்யும் அறைப் பக்கம் வீட்டில் யாரும் சத்தம் போடமாட்டோம். எங்கள் மண்டூர் முருகனுக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால், மந்திரம் ஒன்றும் இல்லாமல் பூசை நடப்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் கதவைச் சாத்தினால் “வாய்கட்டிப் பூசை தொடங்கிட்டு” என்று அம்மா சொல்வார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கதவைக் கடக்கும்போது அம்மாவின் கை தானாகவே சேலைத் தலைப்பைச் சரிசெய்வதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்கள் இங்கே வந்து சேர்வதே பெரிய பாடு. மூன்று வருடம் முயன்று அண்ணன் ஒரு பெறுபேற்றை நிறுவி அனுப்பினார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. நிறுவல் அழகானது, ஆனால் இதே பெறுபேற்றை அண்ணன் பிறக்கும் முன்பே வேறொருவர் நிறுவிவிட்டார் என்று. அம்மா அழுதே விட்டார். அண்ணனுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப நான் பிழை விடல்ல அம்மா! அவர் ஒரு வழியால வந்திருக்கார், நான் வேற வழியால வந்திருக்கன். ரெண்டு பேரும் ஒரே இடத்தில வந்து நிக்கிறம். அந்த இடம் மெய்யாவே இருக்கு!”

மூன்று வருட வேலை வீணாய்ப் போனதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மனிதன் என்ன பிறவி என்றும் நினைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

யுத்த காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள். குறுக்கே கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டு அறைகளாக்கினோம். வீடு இருக்கிறதா எரிந்ததா என்று தெரியாமல் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, அண்ணன் சுவர்ப் பக்கம் போய் நின்றார். அங்கே கரும்பலகை இருந்தது. பலகைக்குக் கீழே சோக்கட்டியும் இருந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அண்ணன்தான்.

அவருடைய பெரிய தேற்றம் அந்தப் பலகையில்தான் பிறந்தது. எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும் சரி, அந்தப் பல்லுறுப்பிகளின் பெறுமானங்களை ஒரு குறிப்பிட்ட விதமாகக் கூட்டி அந்த எண்ணால் வகுத்தால், மீதி எப்போதும் ஒரே ஒழுங்கில் வரும் என்பதே அது. நல்லவரோ வில்லங்கக்காரரோ, எவருக்கும் விலக்கில்லை. அண்ணன் எழுத எழுத எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அரிசி பங்கிடும் அக்கா ஒருநாள் பேர்களை எழுத இடம் கேட்டார்.

“சேர், கொஞ்சம் அழிக்கட்டா?”

“இந்த மூலையில கோடு கீறித் தாறன் அக்கா. அங்கால மட்டும் தொடாதீங்க.”

அதற்குப் பிறகு அந்த அக்காவே காவலாளி ஆகிவிட்டார். பலகைப் பக்கம் ஓடும் பிள்ளைகளுக்கு அவரிடம்தான் அடி. ஊர் திரும்பும் நாளில் பலகையை யார் அழிப்பது என்று எல்லாரும் தயங்கினோம். அண்ணனே ஈரத்துணியால் துடைத்தார். எல்லாவற்றையும் தாளில் எடுத்துவிட்டேன் என்று சொன்னாலும் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுரை வெளிநாட்டில் வெளியானது. அந்தத் தேற்றத்தை அண்ணனுடைய பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். அதை அடித்தளமாக வைத்து வேறு நாட்டவர்கள் கட்டுரைகள் எழுதினார்கள். அண்ணன் அதற்குப் பிறகும் எத்தனையோ எழுதினார். ஆனால் எங்களுக்கு அது ஒன்றுதான் ‘தேற்றம்’. அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் இன்றும் என்னைச் சந்தையில் கண்டால் “எங்கட தேற்றம் எப்பிடி இருக்கு?” என்று கேட்பார்கள், ஏதோ கூட்டாக வளர்த்த பிள்ளையை விசாரிப்பதுபோல. அந்த நாட்களில் நாங்கள் இழந்தவற்றைச் சொல்லி முடியாது. அங்கிருந்து கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

அண்ணன் ஓய்வுபெற்ற பிறகு பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாராட்டு விழா ஏற்பாடானது. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு றிஸ்வானா வீட்டுக்கு வந்தார். றிஸ்வானா ஏறாவூர்ப் பிள்ளை. அண்ணனிடம் படித்து, இப்போது அதே துறையில் மூத்த விரிவுரையாளர். விழா மலருக்காக அந்தத் தேற்றத்தின் நிறுவலை விரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

“சேர், இந்த வரியில ரெண்டு பக்கத்தையும் ஒரு எண்ணால வகுக்கிறீங்க. அந்த எண் பூச்சியமா வராதெண்டு எங்க காட்டியிரிக்கீங்க? நான் தேடித் தேடிப் பார்த்தன், காணல்ல.”

பூச்சியத்தால் வகுக்கக்கூடாது என்பது எனக்கே தெரியும். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். தேநீர் ஆறியது, ஆடை படர்ந்தது. கடைசியில் “காட்டல்ல புள்ள. காட்டவே இல்ல” என்றார். முப்பத்தேழைப் பற்றி மாணவர்களுக்கு அவ்வளவு எச்சரிக்கை சொன்ன மனிதர், மீதி பூச்சியமாகும் அந்த வில்லங்கம் வேறு வேடத்தில் தன் வீட்டு வாசலால் நுழைந்ததைக் காணாமல் விட்டுவிட்டார். அந்த வரியும் அந்தக் கரும்பலகையில் இருந்ததுதானே! நாங்கள் அத்தனை பேரும் அதற்கும் சேர்த்துத்தான் காவல் இருந்திருக்கிறோம்.

அன்று பின்னேரம் அண்ணன் அடுப்படிக்கு வந்து எனக்குச் சொன்னார். நான் முதலில் கேட்டது, இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைத்தான்.

“மூண்டு பேருக்கு. எனக்கு, றிஸ்வானாக்கு, இப்ப உனக்கு.”

“அப்ப எனக்குத் தெரியாதெண்டு வையுங்க. றிஸ்வானா சொல்லமாட்டா. விழா முடியட்டும், மறுகா ஆறுதலாச் சொல்லுங்க அண்ணன்.”

“பிழையான நிறுவலுக்குப் பொன்னாடை போர்த்தினா, அது என்னத்துக்குப் போர்த்தினது தங்கச்சி?”

“உங்களுக்குப் போர்த்தினது!”

நான் சொன்னதில் பிழை இருந்ததாக நான் இப்போதும் நினைக்கவில்லை. அந்தப் பொன்னாடைக்கு அவர் முழு உரித்துடையவர்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வகுப்பறையில் எங்களோடு இருந்த பலர் வந்திருந்தார்கள், அரிசி பங்கிட்ட அக்காவும் முன்வரிசையில். பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார்கள். அண்ணனின் முறை வந்ததும் அவர் ஒலிவாங்கியை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த வெண்பலகைக்குப் போனார். பொன்னாடையோடேயே நின்று நான்கு வரி எழுதி, ஓரிடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். “இந்த இடத்தில் நான் வகுத்திருக்கிறேன். வகுக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே இந்தத் தேற்றம் இன்றுமுதல் நிறுவப்படாத ஒன்று. கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கும் எழுதிவிட்டேன். இதைக் கண்டுபிடித்தவர் கலாநிதி றிஸ்வானா, அவருக்கு உங்கள் கைதட்டலைத் தாருங்கள்” என்றார். பின்வரிசையில் சிலர் பேச்சு முடிந்ததென்று நினைத்துத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அரிசி அக்கா என் காதுக்குள், “எங்கட தேற்றத்துக்கு என்னவாம்?” என்றார்.

அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்றார்கள் சிலர். யாரும் கேட்காத பிழையை ஏன் சொல்லவேண்டும் என்றார்கள் வேறு சிலர். அண்ணனை அதெல்லாம் தொடவில்லை. அவருக்கு ஒரே ஒரு யோசனைதான். நிறுவல் உடைந்ததால் தேற்றம் பொய்யாகிவிடாது. மெய்யாகவும் இருக்கலாம், வேறு வழியால் நிறுவ முடியலாம். அவரும் றிஸ்வானாவும் முப்பத்தேழை வைத்துப் பார்த்தார்கள், மீதி சரியாக வந்தது. அடுத்த வில்லங்கக்காரர் ஐம்பத்தொன்பதை வைத்துப் பார்த்தார்கள், சரி. அறுபத்தேழு, சரி. றிஸ்வானா பல்கலைக்கழகத்துக் கணினிகளில் ஒன்றை அந்த வேலைக்கே விட்டார். அது ஒவ்வொரு முதன்மை எண்ணாக ஏறிக்கொண்டே போனது.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு ஈரலில் நோய் என்று தெரிந்தது. பிந்திவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். அண்ணன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “அதுக்கு முதல் மெய்யா பொய்யா எண்டு தெரிஞ்சாப் போதும்” என்றார். எதைச் சொல்கிறார் என்று வைத்தியருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

நோன்பு மாதம். றிஸ்வானா நோன்போடு ஏறாவூரிலிருந்து வருவார். வரும்போது அவருடைய உம்மா காய்ச்சிக் கொடுத்த கஞ்சியும் வரும். அண்ணனுக்குக் கடைசியில் வயிற்றில் தங்கினது அந்தக் கஞ்சி ஒன்றுதான். பிறகு அதுவும் இறங்காமல் போயிற்று. கண்ணை மூடியபடியே கிடப்பார். அப்படியான ஒருநாள் றிஸ்வானா வந்து, அண்ணனின் அறைக்குப் போகாமல் நேரே அடுப்படிக்கு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, ஒரு எண் உடைஞ்சிட்டு. மீதி பிழையா வருது. ரெண்டு விதமாச் செய்து பார்த்துட்டன். தேற்றம் பொய், அக்கா.”

என் மகனும் அப்போது அங்கேதான் நின்றார். “மாமாக்குச் சொல்லவேணாம் அம்மா. மெய்யெண்டு நினைச்சுக்கொண்டே நிம்மதியாப் போகட்டும்” என்றார். றிஸ்வானாவும் அழுதுகொண்டு, “கணினி இன்னும் ஓடுதெண்டு சொல்லிடட்டா?” என்று என்னைக் கேட்டார். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

இந்த வீட்டில் நான் அண்ணனுக்கு உப்பில்லாத கஞ்சியை உப்புப் போட்டதென்று சொல்லிக் கொடுத்ததில்லை. தேற்றம் மெய்யாக வேண்டும் என்று அவரைவிட நான்தான் ஆசைப்பட்டேன், அதுவும் உண்மை. அப்போது எனக்கு அந்தப் பழைய கடிதம் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அம்மா அழ, அண்ணன் சிரித்த நாள். வெற்றி தோல்வி பார்க்கிற நாங்கள் வேறு, அவர் வேறு. அவர் கேட்டது மெய்யா பொய்யா என்று. அதற்குப் பதில் வந்து அடுப்படியில் நிற்கிறது. அதை வாசலில் தடுத்துவைக்க நான் யார்?

“வாங்க புள்ள. நான் சொல்லுறன்” என்று றிஸ்வானாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலருகே குனிந்து, “அண்ணன், உங்கட தேற்றம் உடைஞ்சிட்டுதாம்” என்றேன்.

கண் திறந்தது.

“எந்த எண்?”

றிஸ்வானா சொன்னார்: “பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று, சேர்.”

எனக்கு அது ஏதோ லொறி இலக்கம் மாதிரித்தான் கேட்டது. அண்ணன் உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். “என்னை நிமித்தி இருத்துங்க” என்றார். பல நாளாக எழும்பாத மனிதர். மகன் முதுகுக்குத் தலையணை வைத்தார். அண்ணன் மீதி என்ன வந்தது என்று கேட்டார், றிஸ்வானா வாசித்தார். அறை முழுக்க அமைதி. அந்த அமைதியை நான் சிறுவயதிலிருந்து சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அன்றுதான் உள்ளே நின்று பார்த்தேன். ஒரு மனிதனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது. முருகனுக்குத் திரை விலகினாலும் நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.

“முப்பத்தேழு ஒத்துக்கொண்டவர். அவருக்குப் பிறகு வந்த அத்தனை பேரும் ஒத்துக்கொண்டாங்க. இவர் மட்டும் என்னத்துக்கு மாட்டெங்கிறார்?” அண்ணன் றிஸ்வானாவைப் பார்த்தார். “புள்ள, இவர் தன்ட சீதன எண்கள்ல நாலு இடத்தில வில்லங்கம் பண்ணுறவர். பழைய அட்டவணையில கிடக்கு, நான்தான் கவனிக்கல்ல. ஒரு இடத்தில பண்ணுறவங்க எத்தனையோ பேர், ரெண்டு மூண்டு இடத்தில பண்ணுறவங்களும் இருக்காங்க. நாலு இடத்தில பண்ணுற முதலாவது ஆள் இவர்தான். அதாலதான் அங்க உடையுது.”

“அப்ப, சேர்…”

“அப்ப அங்க என்னமோ இருக்கு.”

அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். நான் தேற்றம் போனதென்று அழுதுகொண்டு நிற்கிறேன், அவர் புதையல் கிடைத்தவர்போல இருக்கிறார். பிறகு என்னைப் பார்த்து, “கஞ்சி இருக்கா தங்கச்சி?” என்று கேட்டார். ஏறாவூர்க் கஞ்சியில் நாலைந்து கரண்டி குடித்தார். நோன்பு திறக்கும் நேரம்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை. கதைக்க முடிந்த கடைசி நாளில் இரண்டு விடயம் சொன்னார். ஒன்று, பட்டியலில் அந்தக் கட்டுரையை ஒளிக்காமல், ‘இது பிழை’ என்று கீழே போடவேண்டும். “பிள்ளைகள் தடக்குப்படாம போகட்டும்” என்றார். மற்றது, இனி அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவது றிஸ்வானாவின் உரிமை, அதில் தன் பெயரைப் போடத் தேவையில்லை. றிஸ்வானா இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் நிறுவவில்லை. எப்போது நிறுவுவார் என்று கேட்டேன், தெரியாது அக்கா என்றார். அண்ணனிடம் படித்த பிள்ளை, தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார்.

அரிசி பங்கிட்ட அக்கா மரண வீட்டுக்கு வந்து என் அருகில் இருந்தார். எங்கட தேற்றம் பொய்யாப் போயிட்டு அக்கா என்று அவருக்கு நான்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பொய்யெண்டு கண்டுபிடிக்கவே இவ்வளவு காலம் போயிருக்கே, அப்ப அது லேசுப்பட்ட சாமான் இல்லத்தானே” என்றார். அண்ணன் கேட்டிருந்தால் சிரித்து இருமியிருப்பார்.

அண்ணனின் நோய்க் காலத்தில் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், ஆற்றைக் கடந்து ஓடி வந்த உறவுகளுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய குடிமக்களுக்கும், பந்தலும் சமையலும் பார்த்த அயலவர்களுக்கும், தோளில் தட்டி அண்ணனை இறக்கிவிட்ட பாதைக்காரர்களுக்கும், பலகையைக் காத்த அக்காவுக்கும், பிழையை எடுத்துவிடட்டா என்று கேட்ட அச்சகத்துத் தம்பிக்கும், நோன்போடு கஞ்சி காய்ச்சித் தந்த ஏறாவூர் உம்மாவுக்கும், அண்ணனுக்கு மகளாக நின்ற றிஸ்வானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் மிச்சம். அண்ணன் இருந்திருந்தால் அவரை மரியாதையோடு சொல்லச் சொல்லியிருப்பார். பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று அவர்களுக்கும் எங்கள் நன்றி. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றுதான் அண்ணன் கடைசியாக எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டுக் குடித்தார்.

அண்ணனின் நினைவோடு,
தங்கை
மண்டூர்